துண்டுத் துணியும் துண்டுப் பொழுதும்

வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதுவது

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், அரூரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது தீர்த்தமலை. மலைமேல் தீர்த்தகிரீசுவரர் எழுந்தருளியிருக்கிறார். மாசித் திங்களில் இங்கு நடைபெறும் தேர்த் திருவிழாவிற்குச் சுற்றுவட்டாரத்து மக்கள் திரளாக வந்து கூடுவர். தமிழ்நாட்டுக் கோயில் தேர்களைச் சுற்றித் தொங்கவிடப்பெறும் தேர்ச்சீலைகளையும் தொம்பைகளையும் நாம் அண்ணாந்து பார்த்து மகிழ்கிறோம். பல வண்ணத் துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி, வேறொரு துணியின்மேல் பதித்துத் தைத்த கைவேலையே அது. தனித்தனியே கிடந்தால் எவரும் பொருட்படுத்தாத துண்டுகள், ஒன்று சேர்ந்தவுடன் இறைவன் தேருக்கே அணியாகிவிடுகின்றன.

நமது கிராமங்களில் நாள்தோறும் வீணாகும் பொருள்கள் இரண்டு. ஒன்று, தையற்கடைகளில் வெட்டியெறியும் துண்டுத் துணி. மற்றொன்று, பேருந்து நிறுத்தத்திலும், நியாயவிலைக் கடை வரிசையிலும், ஆடு மேய்க்கும் கரட்டிலும், மருத்துவமனைத் திண்ணையிலும் பெண்மக்கள் காத்திருந்து கழிக்கும் துண்டுப் பொழுது. இவ்விரண்டையும் இணைக்கும் எளிய கைத்தொழில் ஒன்றைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். கையோடு எடுத்துச் சென்று, கிடைத்த இடத்தில் அமர்ந்து, ஊசியும் நூலும் மட்டும் கொண்டு தைக்கக்கூடிய ஒட்டுத்துணி விரிப்பே அது.

நான் கற்ற பாடம்

முதலில் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு வட்டாரத்தில் பணியாற்றியபோது, மகளிர் குழு ஒன்றுக்குத் தையல் இயந்திரங்கள் கிடைக்க ஏற்பாடு செய்தேன். திறப்பு விழா சிறப்பாக நடந்தது. ஆறு திங்கள் கழித்துச் சென்று பார்த்தேன். இயந்திரங்களில் பெரும்பாலானவை உறை போட்டு மூடிக் கிடந்தன. ஒன்றுக்கு வார் அறுந்திருந்தது. பழுது பார்ப்பவர் நகரத்திலிருந்து வரவேண்டியிருந்தது. கூடத்தின் சாவி ஒருவரிடம் இருந்தது. அவர் களையெடுக்கச் சென்றிருந்தார். 'இவர்களுக்கு ஊக்கம் போதாது' என்று அன்று என் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன்.

அக்குறிப்பு தவறு என்பதைத் தீர்த்தமலையில்தான் உணர்ந்தேன். அங்குப் பேருந்துக்குக் காத்திருந்த ஓர் அம்மையார், மடியிலிருந்த பையைத் திறந்து, இரண்டு துணித் துண்டுகளை எடுத்துத் தைக்கத் தொடங்கினார். பேருந்து வருவதற்குள் நான்கு துண்டுகள் ஒன்றாயின. ஊசியைத் தீப்பெட்டியில் வைத்து மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறிச் சென்றுவிட்டார். என் இயந்திரங்கள் தொடர்ந்தாற்போல் மூன்று மணி நேரத்தைக் கேட்டன. கிராமத்துப் பெண்ணுக்கோ மூன்று மணி நேரம் ஒருங்கே கிடைப்பதில்லை. பத்துப் பத்து நிமிடங்களாகவே கிடைக்கிறது. குறை ஊக்கத்தில் இல்லை. நாங்கள் தேர்ந்தெடுத்த கருவியில்தான் இருந்தது.

உலகெங்கும் உள்ள வழக்கம்

இது புதிய கலையன்று. தெலுங்கில் 'பொந்த' என்றும், கன்னடத்தில் 'கவுதி' என்றும் வழங்கும் பழந்துணிப் போர்வைகளை நம் எல்லைப்புறத்து முதியோர் நன்கு அறிவர். வங்காளத்தில் இது 'காந்தா' எனப்படும். பழைய புடவைகளை அடுக்கி நெருக்கமாக ஓட்டத்தையல் இடுவது அதன் முறை. பீகாரின் 'சுஜனி' வேலை புவிசார் குறியீடு பெற்றது. கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' என்னும் விரிப்பை ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி வந்து, நடுவில் முடிப்பர். புத்த பிக்குகளின் துவராடையும் துண்டுகளை இணைத்துத் தைக்கப்பெறுவதே. அதன் அமைப்பை வயலும் வரப்பும் போன்றது என்பர்.

அமெரிக்க நாட்டில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர் உண்டு. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். உழைத்துத் தேய்ந்த ஆடைகளைக் கிழித்து அவ்வூர்ப் பெண்கள் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 1966-ஆம் ஆண்டில் அப்பகுதிப் பெண்கள் கூட்டுறவு அமைப்பொன்றை நிறுவித் தங்கள் போர்வைகளை விற்கத் தொடங்கினர். 2002-ஆம் ஆண்டில் அவ்வூர்ப் போர்வைகள் ஹியூஸ்டன், நியூயார்க் நகரங்களின் கலைக்கூடங்களில் காட்சிக்கு வைக்கப்பெற்றன. 2006-ஆம் ஆண்டில் அந்நாட்டு அஞ்சல் துறை அவற்றின் உருவங்களை அஞ்சல்தலைகளாகவே வெளியிட்டது.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். மருத்துவர் ரெஜி ஜார்ஜ், மருத்துவர் லலிதா ஆகிய இணையர் 1993-ஆம் ஆண்டில் அங்குப் பழங்குடியினருக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினர். அப்பணியின் தொடர்ச்சியாக, லம்பாடிப் பெண்களின் பூத்தையலும் பின்னர் மறுவாழ்வு பெற்றது. அக்கலை முதியோர் சிலர் கையில் மட்டும் எஞ்சியிருந்த நிலையில், அவர்களிடமிருந்தே இளையோர் கற்றனர். 'போர்கை' என்பது அவர்கள் அமைத்துக்கொண்ட கைவினைஞர் சங்கத்தின் பெயர். லம்பாடி மொழியில் அச்சொல்லுக்குப் 'பெருமை' என்பது பொருள். கலையைக் காக்க வெளியிலிருந்து ஆசான் வரவேண்டியதில்லை. ஊர்ப் பாட்டியை உட்காரவைத்துக் கேட்டாலே போதும் என்பதை இது காட்டுகிறது.

வேண்டிய பொருள்கள்

மெல்லிய ஊசிகள் இரண்டு, 40-ஆம் எண் பருத்தி நூற்கண்டு ஒன்று, சிறு கத்தரிக்கோல், பென்சில், குண்டூசிகள் சில, நடுவிரலுக்கு ஓர் அங்குஸ்தான், பழைய நாட்காட்டி அட்டை, ஊசி வைக்க ஒரு தீப்பெட்டி. இவையனைத்தும் ஒரு மஞ்சள் பைக்குள் அடங்கும். 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தால் அப்பை மறுபடியும் நம் தோளுக்கு வந்திருக்கிறது. அதற்குள் ஒரு தொழிலையும் வைத்துக்கொள்ளலாம்.

துணி தேர்தல்

பருத்தித் துணியே இவ்வேலைக்கு ஏற்றது. ஐயம் எழுந்தால் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, தண்ணீர்ப் பாத்திரத்தின் அருகே பிடித்துக் கொளுத்திப் பார்க்க. பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கருகிக் கெட்டியான மணியாகும். இரண்டையும் ஒரே விரிப்பில் கலந்தால், சலவையில் ஒன்று சுருங்கும், மற்றொன்று சுருங்காது, விரிப்பு கோணிப்போகும்.

அடுத்துச் சாயத்தைச் சோதிக்கவேண்டும். வெள்ளைத் துணியை நனைத்து, வண்ணத் துண்டின்மேல் அழுத்தித் தேய்க்க. சாயம் ஒட்டினால் அத்துண்டை ஒதுக்கிவிடுக. நல்ல துண்டுகளைத் துவைத்து, நிழலில் உலர்த்திய பின்னரே வெட்டவேண்டும். நைந்த துணியைக் கையால் இழுத்துப் பார்த்துத் தள்ளிவிடுக. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் பழமொழி. கசக்கினால் கிழிகின்ற கந்தை, விரிப்பிற்குள் புகுந்தாலும் கிழியவே செய்யும்.

வெட்டும் முறை

அட்டையில் 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றும், 8 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றும் வெட்டி வைத்துக்கொள்க. பெரிய அட்டையைத் துணியின்மேல் வைத்துக் கோடிட்டு வெட்டவேண்டும். அட்டையின் ஓரம் துணியின் பாவு இழைக்கு இணையாக இருத்தல் அவசியம். கோணலாக வெட்டிய துண்டு இழுபடும். இழுபட்ட துண்டு அண்டைத் துண்டையும் கெடுக்கும். வெட்டிய பின், சிறிய அட்டையைத் துண்டின் தவறான புறத்தில் நடுவாக வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடிடுக. அக்கோடே தையல் செல்ல வேண்டிய பாதை. நான்கு புறமும் 1 சென்டிமீட்டர் துணி உள்மடிப்பாக எஞ்சும்.

வெட்டும் வேலையை மட்டும் வீட்டில், வெளிச்சத்தில், ஒரே அமர்வில் செய்து முடித்துவிட வேண்டும். அடர்நிறத் துண்டு 5, வெளிர்நிறத் துண்டு 4, ஆக 9 துண்டுகளை ஒரு கட்டாகக் கட்டி வைக்க. வெளியே புறப்படும்போது ஒரு கட்டை மட்டும் பையில் எடுத்துக்கொண்டால் போதும். முழு விரிப்பையும் சுமந்து திரிந்தால் அழுக்காகும், மனத்திற்கும் மலைப்பாகும்.

தைக்கும் முறை

1. நூலை முழங்கையிலிருந்து விரல் நுனி வரையுள்ள நீளத்திற்குமேல் எடுக்கலாகாது. மிகுந்தால் சிக்கும்.

2. இரண்டு துண்டுகளின் நல்ல புறங்கள் ஒன்றையொன்று நோக்குமாறு வைத்து, கோட்டின் இரு முனைகளிலும் குண்டூசி குத்துக. மேல் துண்டின் கோடும் அடித் துண்டின் கோடும் ஒன்றாக விழுகின்றனவா எனத் திருப்பிப் பார்க்க.

3. முடிச்சிட்டு, முதலில் ஒரு பின்தையல் இட்டு, பின்னர் ஓட்டத்தையலாகச் செல்க. ஒரு சென்டிமீட்டருக்கு மூன்று தையல் இருத்தல் நலம். நான்கு தையலுக்கு ஒருமுறை ஒரு பின்தையல் இட்டால், இடையில் நூல் அறுந்தாலும் முழுவதும் பிரிந்துவிடாது. முடிவில் இரண்டு பின்தையல் இடுக.

4. மூன்று துண்டுகள் சேர்ந்தது ஒரு வரிசை. முதல் வரிசையில் அடர், வெளிர், அடர். இரண்டாவதில் வெளிர், அடர், வெளிர். மூன்றாவது முதல் வரிசையைப் போன்றதே. முதல் வரிசையின் உள்மடிப்புகளை வலப்புறமாகவும், அடுத்த வரிசையினதை இடப்புறமாகவும் நகத்தால் நீவிவிடுக. அப்போதுதான் வரிசைகளை இணைக்கையில் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தடிக்காமல், மூலைகள் பொருந்தி நிற்கும்.

5. மூன்று வரிசைகளையும் இணைத்தால் 24 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு கட்டம் முடிந்தது.

ஒரு வரிசை என்பது இரண்டு இணைப்பு, 48 தையல். பேருந்துக்குக் காத்திருக்கையில் ஒரு வரிசை முடியும். ஒரு கட்டத்திற்கு மொத்தம் 96 சென்டிமீட்டர் தையல். அதாவது 288 தையல்கள்.

விரிப்பாக்குதல்

குழந்தைக்கு ஏற்ற சிறு விரிப்புக்கு அகலத்தில் 3, நீளத்தில் 4, ஆக 12 கட்டங்கள் வேண்டும். அதற்கு 108 துண்டுகள் தேவை. அடர்நிறம் 60, வெளிர்நிறம் 48. முடிந்த அளவு 72 சென்டிமீட்டர் அகலமும் 96 சென்டிமீட்டர் நீளமும் ஆகும். கட்டங்களை இணைக்கும் தையலையும் சேர்த்தால் மொத்தம் 15 மீட்டர் 60 சென்டிமீட்டர், 4,680 தையல்கள். இதை முன்கூட்டியே சொன்னால் எவரும் ஊசியைத் தொடமாட்டார். நாளுக்கொரு கட்டம் என்றால் 12 நாள்களில் கட்டங்கள் முடிந்துவிடும்.

அடித் துணிக்குப் பழைய பருத்திப் புடவை சிறந்தது. மேல்துணியைவிட நான்கு புறமும் 4 அல்லது 5 சென்டிமீட்டர் மிகுதியாக வெட்டிக்கொள்க. நடுவில் மெத்தென்ற பழைய வேட்டியை ஒன்று அல்லது இரண்டு மடிப்பாக இடுக. மூன்றடுக்கையும் தரையில் சுருக்கமின்றி விரித்து, நீண்ட தற்காலிகத் தையல்களால் நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பிணைக்க. அதன்பின் இரண்டு விரற்கடை இடைவெளியில் வரிவரியாக ஓட்டத்தையல் இட்டால் அடுக்குகள் விலகாமல் நிற்கும். இறுதியில் அடித் துணியின் ஓரத்தை மேற்புறமாக இருமுறை மடித்துத் தைத்துவிடுக. தற்காலிகத் தையலை உருவிவிட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்தவேண்டும்.

எச்சரிக்கைகள் இரண்டு. வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் ஊசிகளையும் குண்டூசிகளையும் எண்ணுக. எண்ணிக்கை சரியாகும் வரை விரிப்பின்மேல் குழந்தையைக் கிடத்தலாகாது. சிறு குழந்தைக்கு இதைக் கீழே விரிக்கவேண்டுமேயன்றி, உறங்குகையில் முகத்தருகே போர்த்தலாகாது.

வருவாய் பற்றிய உண்மை

நம் பத்திரிகைகளில் வரும் தொழிற்கட்டுரைகள் பெரும்பாலும் 'இதனால் நல்ல வருவாய் கிட்டும்' என முடியும். நான் அவ்வாறு எழுதத் துணியேன். கணக்கிட்டுப் பார்ப்போம்.

புதிதாகக் கற்பவருக்கு ஒரு கட்டம் தைக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 12 கட்டங்களுக்கு 15 மணி. இணைக்க 5 மணி. அடுக்கித் தைத்து ஓரம் முடிக்க 10 மணி. ஆக 30 மணி நேர உழைப்பு. ஒரு மணிக்கு 50 ரூபாய் எனக் கூலி கணக்கிட்டாலும் 1,500 ரூபாய் ஆகும். சந்தையில் இயந்திரத்தில் செய்த விரிப்பு அதில் சிறு பகுதி விலைக்கே கிடைக்கிறது. 'துணி இலவசம்தானே' என்று 300 ரூபாய்க்கு விற்கும் சகோதரி, தன் ஒரு மணி நேரத்தைப் பத்து ரூபாய்க்கு விற்கிறார் என்பதை உணரவேண்டும். துணி இலவசமாக இருக்கலாம்; உழைப்பு இலவசமன்று.

ஆகையால் முதல் விரிப்பு தன் வீட்டிற்கே ஆகட்டும். மார்கழிக் குளிரில் தரையில் படுக்கும் குழந்தைக்கு ஒரு விரிப்பு கிடைத்தால், அதுவே முதல் ஊதியம். விற்க விரும்புவோர் குறைந்த உழைப்பில் முடியும் சிறு பொருள்களில் தொடங்கலாம். ஒரே கட்டத்தைக் கொண்டு சுருக்குப் பை, பாத்திரம் இறக்கும் பிடிதுணி ஆகியவற்றைச் செய்யலாம். எதைச் செய்தாலும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், நேரம், நூற்செலவு ஆகியவற்றை எழுதிவைத்து, அதன்பின்னரே விலை கூறவேண்டும். கைவேலையின் மதிப்பறிந்து வாங்குவோர் கிடைக்கும்வரை பெரிய விரிப்பை விற்பனைக்கென்று தைக்கவேண்டாம்.

ஒரு கேள்வி

மகளிர் குழுக் கூட்டமொன்றில் இவற்றையெல்லாம் நான் உற்சாகமாக விளக்கினேன். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்து, "ஏனுங்க சார், நாங்க கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்கார்றதையும் கணக்குல எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. எனக்கு விடை தோன்றவில்லை. விடிவதற்கு முன் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, காட்டுவேலைக்குச் சென்று திரும்பும் ஒரு பெண்ணுக்குப் பேருந்து நிறுத்தத்துப் பத்து நிமிடம் வீண்பொழுதன்று. ஒருவேளை அதுவே அவருக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வாகவும் இருக்கலாம். அதை 'வீண்' என்று இக்கட்டுரையின் தொடக்கத்தில் நான் எழுதியதும் அலுவலகத்து நாற்காலியிலிருந்து எழுதியதேயாகும்.

அன்று அதே கூட்டத்தில், நான் பேருந்து நிறுத்தத்தில் கண்ட அம்மையாரும் இருந்தார். அவரே விடை சொன்னார்: "தைக்கிறப்போ யாரும் என்னை வேலை சொல்லிக் கூப்பிடறதில்லீங்க. அதனால தைக்கிறேன்." சிலருக்கு ஊசி மற்றொரு பாரம், சிலருக்கு அதுவே இளைப்பாறுதல். எவருக்கு எது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவரவருக்கே உரியது. ஆகவே இத்தொழிலுக்கு இலக்கு விதித்தலும், 'இத்தனை விரிப்பு முடிக்கவேண்டும்' என்று சுற்றறிக்கை அனுப்புதலும் கூடா என்பதே என் முடிவு.

நாம் செய்யத்தக்கவை

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு முயற்சி, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989-ஆம் ஆண்டில் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. அன்று கிருஷ்ணகிரியும் இம்மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அக்குழுக்களே இன்று இப்பணிக்கு ஏற்ற அடித்தளம். ஊராட்சியிலுள்ள தையற்கடைக்காரர்களிடம் பேசி, பருத்தித் துண்டுகளைத் தனி மூட்டையாகச் சேர்த்துத் தரச் செய்யலாம். குழுக் கூட்டம் நடக்கும் நாளில், ஒட்டுப்போடத் தெரிந்த முதியவர் ஒருவரை ஆசிரியராக அமர்த்தி ஒரு மணி நேரம் கற்கலாம். அட்டை, கத்தரிக்கோல் ஆகியவற்றைக் குழுவின் பொதுச் சொத்தாக வைக்கலாம். கண் பார்வை மங்கிய சகோதரிகளை முதலில் கண் பரிசோதனைக்கு அனுப்பிவைப்பது அலுவலர்களின் கடமை. கண்ணாடியின்றி ஊசி கொடுப்பது உதவியாகாது.

என் பழைய நாட்குறிப்பில் 'ஊக்கம் போதாது' என்று எழுதிய வரியை அடித்துவிட்டு, 'நேரம் எவ்வாறு கிடைக்கிறது என்று கேட்கவில்லை' என்று எழுதிவைத்திருக்கிறேன். ஒரு திட்டத்தை ஊருக்குக் கொண்டுசெல்லும் முன் அவ்வூர்ப் பெண்களின் நாள் எத்தனை துண்டுகளாக இருக்கிறது என்று கேட்டறிவோம். துண்டுகளை இணைக்கும் வித்தை அவர்களுக்கு முன்பே தெரியும். நாம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவை, அவர்கள் விரும்பினால், ஓர் ஊசியும் ஒரு நூற்கண்டும் நியாயமான விலையும் மட்டுமே.